நரம்பைச் சுட்டால் உடலெங்கும் உள்ள வலி தீருமா?

மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஊர் மண்டபம் ஒன்றில் தனியார் நிலையம் ஒன்று நடத்திய இலவசப் பரிசோதனை முகாமில் ‘ரேடியோ அலை வலி நிவாரணம்’ என்ற துண்டறிக்கை கொடுக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்று தெரிகிறது. ஆகவே இந்த இதழில், உடலெங்கும் நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயையும் ரேடியோ அதிர்வெண் சிகிச்சையையும் பற்றிய கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். தைராய்டு பற்றியும் இரத்தக் கொதிப்பு பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 53. சிறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனேன். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கினேன். இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் மகனோடு இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை, கால் என்று வலிக்காத இடமே இல்லை. விடிந்து எழுந்தால் இரவெல்லாம் கண் மூடாதவள் போல உடம்பு கனக்கிறது. அடுப்பில் எதை வைத்தேன் என்பதுகூட மறந்துபோகிறது. எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றதும், ‘சும்மா இருக்கிற உடம்புக்குத்தான் வலி வரும்’ என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். போன ஆண்டு ஈப்போவில் மூட்டு நோய் நிபுணர்தான் இது ஃபைப்ரோமயால்ஜியா என்றார். முகாமில் ஒரு கருவியை முதுகில் வைத்துத் தேய்த்தார்கள். அன்று மாலை வரை சுகமாக இருந்தது. பத்து முறை செய்துகொண்டால் வலி நரம்பு அடங்கிவிடும், மொத்தம் 2,800 ரிங்கிட் என்கிறார்கள். கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறான் மகன். போகலாமா அம்மா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம், மகனைக் கடன் வாங்கவும் விட வேண்டாம். வெறுமனே ‘வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்தினால், அடுத்த முகாமில் இதே கருவி வேறு பெயரில் வரும்போது அந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டாருக்கு ஒரு சொல். ஃபைப்ரோமயால்ஜியா சோம்பேறிகளின் நோய் அன்று. உலகில் நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது, அவர்களில் பெண்கள் அதிகம். உடலின் பல பகுதிகளில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, ஓய்வு தராத உறக்கம், அசதி, மறதி ஆகியவை சேர்ந்து வருவதைக் கொண்டே இந்நோய் கணிக்கப்படுகிறது. முன்பு 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க அளவுகோலின்படி உடலில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 2010-இலும் 2016-இலும் அந்த அளவுகோல் திருத்தப்பட்டு, எத்தனைப் பகுதிகளில் வலி, உறக்கமும் நினைவும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்று கேட்டுக் கணக்கிடும் முறை வந்தது. எக்ஸ்ரேயிலும் இரத்தத்திலும் குறை தெரியாமல் இருப்பது இந்நோயின் இயல்பு. அந்தச் சோதனைகள் தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்ற வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகச் செய்யப்படுபவை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் கருவியின் விசையை யாரோ முழுவதுமாகத் திருகிவிட்டால், மைக்கின் முன் ஒருவர் மூச்சு விட்டாலும் தோட்டம் முழுவதும் இரைச்சல் கேட்கும். குழாய்களில் பழுதில்லை, கம்பிகளிலும் பழுதில்லை. ஃபைப்ரோமயால்ஜியாவில் தண்டுவடமும் மூளையும் அந்தக் கருவியின் நிலையில் இருக்கின்றன: தசையிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் சாதாரணச் செய்திகளைக்கூட அவை பெருக்கி வலியாக உணர்த்துகின்றன, அவற்றைத் தணிக்க வேண்டிய உடலின் சொந்த ஏற்பாடு சரிவர இயங்குவதில்லை. திசுச் சேதத்தால் வரும் வலி, நரம்புச் சேதத்தால் வரும் வலி என்ற இரண்டு வகைகளுக்கு அப்பால் இதை மூன்றாவது வகை வலியாகப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. இதிலிருந்தே ஒன்று விளங்கும். உங்கள் உடம்பில் ‘வலி நரம்பு’ என்று தனியாக ஒன்று கெட்டுப்போய் அமர்ந்திருக்கவில்லை. கெடாத ஒன்றை எந்தக் கருவியால் அடக்குவது?

அடுத்து அந்தச் சிகிச்சை. ‘ரேடியோ அதிர்வெண்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது, வலி நிபுணர் ஒருவர் ஊடுகதிர்த் திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டே ஒரு குறிப்பிட்ட சிறு நரம்பின் அருகே ஊசியைச் செலுத்தி, வினாடிக்குச் சுமார் 5 லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை ஊசி முனை வழியே அனுப்பி, அந்த இடத்தை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை ஒன்று, ஒன்றரை நிமிடம் சூடாக்குவது. நரம்பு அந்த இடத்தில் சுடப்பட்டு, செய்தி கடத்துவதை நிறுத்துகிறது. இரண்டாவது, அதே ஊசி, அதே மின்னோட்டம், ஆனால் வினாடிக்கு இரண்டு சிறு துடிப்புகளாக விட்டு விட்டு, வெப்பம் 42 டிகிரியைத் தாண்டாதபடி செலுத்துவது. 1998-இல் நெதர்லாந்தின் ஸ்லைட்டர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதியதிலிருந்து பரவிய இம்முறையில் நரம்பு அழிக்கப்படுவதில்லை, அதன் நடத்தை மட்டும் மாற்றப்படுவதாகக் கருதப்படுகிறது. மூன்றாவது, ஊசியே இல்லாமல், தோலின் மேல் தகட்டையோ உருளையையோ வைத்து உள்தசையைச் சூடாக்குவது. மருத்துவமனை இயன்முறைப் பிரிவுகளில் நீண்ட காலமாக இருந்துவரும், வினாடிக்கு 2 கோடியே 71 லட்சம் அதிர்வுகள் கொண்ட குற்றலைச் (ஷார்ட்வேவ்) சூட்டுக் கருவி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அழகு நிலையங்களில் முகச் சுருக்கம் நீக்குவதாகச் சொல்லி வைத்திருக்கும் கருவியும் இதே குடும்பந்தான்.

முகாமில் உங்கள் முதுகில் வைத்தது மூன்றாவது வகை. அது நரம்பைச் சுடவும் இல்லை, அடக்கவும் இல்லை. தசையைச் சூடாக்கியது, அவ்வளவுதான். சூடு பட்டால் தசை இளகும், இரத்த ஓட்டம் கூடும், சில மணி நேரம் இதமாக இருக்கும். அந்தச் சுகம் பொய்யன்று. ஆனால் வெந்நீர்ப் பையும் அதே சுகத்தை ஏறக்குறைய இலவசமாகத் தருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நோய் ஏறியும் இறங்கியும் வருவது. மனிதர் சிகிச்சையைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. எதுவும் செய்யாமலிருந்தாலும் அதற்குப் பிந்தைய வாரங்களில் சற்றுக் குறையத்தான் செய்யும், அந்தப் புகழ் கருவிக்குப் போய்ச் சேரும். ஒருவர் நேரம் ஒதுக்கி அமர்ந்து உங்கள் வலியைக் கேட்டதும் ஒரு மருந்துதான். நான்கு ஆண்டுகள் ‘ஒன்றுமில்லை’ என்றே கேட்டுவந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன், அந்த முகாமை நடத்தியவர்களும் அறிவார்கள்.

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016-இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைகளில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு உடற்பயிற்சி ஒன்றுக்கு மட்டுமே உறுதியான ஆதரவு தரப்பட்டது. ரேடியோ அதிர்வெண் சிகிச்சைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பிரிட்டனின் தேசியச் சுகாதார வழிகாட்டு நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட நாட்பட்ட வலி வழிகாட்டி, தோல் வழியாக மின்துடிப்பு கொடுக்கும் கருவியையும் அல்ட்ராசவுண்டுச் சிகிச்சையையும் இத்தகைய வலிக்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ரேடியோ அலை கொண்டு ஃபைப்ரோமயால்ஜியாவை நேரடியாக நடத்திப் பார்த்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. சூடு படும்போது படுவது தெரியும் என்பதால், உண்மைச் சிகிச்சை எது, பாவனைச் சிகிச்சை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் ஒப்பிடுவதும் கடினம். அத்தகைய அடித்தளத்தின் மேல் 2,800 ரிங்கிட்டை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

துண்டறிக்கையில் அரசு அங்கீகார எண் இருக்கிறதே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கே.கே.எல்.ஐ.யு. எண் என்பது சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியத்திடமிருந்து மருத்துவ விளம்பரத்தின் வாசகத்துக்குக் கிடைத்த அனுமதி. 2012-ஆம் ஆண்டு மலேசிய மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் பதிவு, கருவியின் பாதுகாப்பையும் அது எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பதையும் பற்றியது. இரண்டும் இல்லாவிட்டால் உடனே எழுந்து வந்துவிடலாம். இரண்டும் இருந்தாலும், அந்தக் கருவி ஃபைப்ரோமயால்ஜியாவைத் தீர்க்கும் என்று அரசு உறுதி கூறியதாகப் பொருள் கொள்ளக் கூடாது.

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர், என் தாயாருக்கு வயது 64. ஃபைப்ரோமயால்ஜியா இருப்பதாக ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அதோடு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. வலது கால் வலியால் கோயில் படி ஏறுவதையே விட்டுவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சுகிறார். வலி நிபுணர் ஒருவர் முழங்கால் நரம்புக்கு ரேடியோ அதிர்வெண் சிகிச்சை செய்யலாம், அதற்கு முன் சோதனை ஊசி போட வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர், ‘ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அது பயன்படாது, இணையத்தில் படித்தேன்’ என்று தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், லிந்தாங்

பதில்: தம்பி, உறவினர் படித்தது சரி. நிபுணர் சொல்வதும் சரி. உறவினர் நோயைப் பார்க்கிறார், நிபுணர் முழங்காலைப் பார்க்கிறார்.

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு வேறு வலிகள் வராது என்று எந்த விதியும் இல்லை. உங்கள் தாயாரின் வலது முழங்காலில் தேய்மானம் என்ற இடம் குறிப்பிட்ட காரணம் இருக்கிறது. அந்த மூட்டிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டு செல்லும் சிறு நரம்புக் கிளைகள் எங்கே ஓடுகின்றன என்பதும் தெரியும். முழங்காலின் மேல்பக்கம் இரண்டும் கீழ்ப்பக்க உட்புறத்தில் ஒன்றுமாக மூன்று கிளைகளை இலக்காகக் கொண்டு செய்யும் இம்முறையைப் பற்றி 2011-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வுக்குப் பிறகே இது பரவலாயிற்று. பலனடைந்தவர்களில் வலிக்குறைவு பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கிறது. நரம்பு மெல்ல வளர்ந்து திரும்பி வரும்போது வலியும் திரும்பலாம், அப்போது மீண்டும் செய்யலாம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது.

சோதனை ஊசி மிக முக்கியம். அந்த மூன்று கிளைகளின் அருகே மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிதளவு செலுத்தி, அதன் வீரியம் இருக்கும் சில மணி நேரத்தில் வலி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தாயாரைக் கட்டிலில் படுக்க வைத்துவிடாதீர்கள். அவர் வழக்கமாக வலிக்கிறது என்று சொல்லும் காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள்: படி ஏறட்டும், தாழ்ந்த பலகையிலிருந்து எழட்டும், கடைத்தெரு வரை நடக்கட்டும். முன்பு பத்துக்கு எத்தனை, இப்போது பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். பாதிக்கும் கீழாகக் குறையவில்லையானால், அந்த நரம்புகளைச் சுடுவதில் பெரிய பலன் கிடைக்காது என்று கொள்ளலாம். உடல் முழுவதும் வலி பெருக்கப்படும் நோயாளியிடம் இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராகச் சிகிச்சைக்குப் போவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் முழங்கால் வலியில் எவ்வளவு மூட்டைச் சேர்ந்தது, எவ்வளவு ஃபைப்ரோமயால்ஜியாவைச் சேர்ந்தது என்பதைப் பிரித்துக் காட்ட இதைவிட நேரான வழி நம்மிடம் இல்லை.

பலன் கிடைத்தால் அது வலது முழங்காலில் கிடைக்கும். கழுத்திலும் தோளிலும் உறக்கத்திலும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் ஒரு நல்ல சாத்தியத்தையும் மறைக்கக் கூடாது. மூட்டு வலியோ தசை முடிச்சு வலியோ சேர்ந்திருந்த ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்கு அந்த உள்ளூர் வலியை மட்டும் நடத்தியபோது, பரவலான வலியும் ஓரளவு தணிந்ததாக 2011-இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது ரேடியோ அதிர்வெண் அன்று, வேறு முறைகள். இருப்பினும் இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு மூட்டை அமைதிப்படுத்தினால் நரம்பு மண்டலத்தின் சுமை குறையும் என்ற கருத்துக்கு அது துணை நிற்கிறது. முழங்கால் வலி குறைந்தால் தாயார் நடப்பார். நடப்பது இந்நோய்க்கு நல்லது.

போகும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: இதயத் துடிப்புக் கருவி பொருத்தியிருந்தால் அது, வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள், சர்க்கரையின் அளவு, அண்மையில் வந்த காய்ச்சலோ புண்ணோ. மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செய்த பின் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரங்கள், அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் கூடலாம், தோலில் ஒரு திட்டு மரத்துப்போகலாம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு ஊசி குத்திய வலியே மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால், முதல் வாரத்தில் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்ற முடிவுக்கு அவர் வந்துவிடாமல் முன்னதாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: முதுகு வலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை பயனற்றது என்று 2017-ஆம் ஆண்டே ஒரு பெரிய ஆய்வு நிரூபித்துவிட்டதாகப் படித்தேன். அப்படியிருந்தும் மருத்துவமனைகள் அதைச் செய்வது ஏன்? எனக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் இடுப்பு வலியும் உண்டு.
— தமிழாசிரியை, கோலகங்சார்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது நெதர்லாந்தில் நடந்து அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு. மூன்று தனித்தனிச் சோதனைகளாக மொத்தம் 681 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்குச் சீரான உடற்பயிற்சித் திட்டமும், மற்றவர்களுக்கு அதனுடன் ரேடியோ அதிர்வெண் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து இரு சாராருக்கும் இடையே மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன். சிகிச்சைக்குத் தகுந்தவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்த முறையும் ஊசியைச் செலுத்திய நுட்பமும் தளர்வாக இருந்தன என்று வலி நிபுணர்கள் பலர் எழுதிய மறுப்பிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, 2016-இல் பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனம் முதுகு வலிக்கு வகுத்த எல்லைதான் எனக்கு அறிவுடையதாகப் படுகிறது. மற்ற சிகிச்சைகள் பலிக்காதிருக்க வேண்டும். வலி முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகளிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். வலி ஓரிடத்தில் நின்று, பத்துக்கு ஐந்தாவது இருக்க வேண்டும். சோதனை ஊசியில் தெளிவாகக் குறைய வேண்டும். உங்கள் இடுப்பு வலி இன்று வலது பக்கம், நாளை முதுகுத் தண்டு, மறுநாள் பிட்டம் என்று இடம் மாறுகிறதா, அல்லது எப்போதும் ஒரே இடத்தில் நின்று, பின்னால் சாயும்போதும் திரும்பும்போதும் கூடுகிறதா? முன்னதானால் ஊசியை நாட வேண்டாம். பின்னதானால் நிபுணரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைவு. ரேடியோ அலை புற்றுநோயைக் கொண்டுவருமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இது எக்ஸ்ரே போல உயிரணுக்களைச் சிதைக்கும் கதிர் அன்று. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை ‘வாய்ப்பு இருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்தது கைப்பேசியை நீண்ட காலம் பயன்படுத்துவோரைப் பற்றிய ஆய்வுகளைக் கொண்டுதான். சில நிமிடச் சிகிச்சையைப் பற்றி அன்று. உங்களுக்குள்ள உண்மையான ஆபத்து வேறு. சூடு தெரியாத காலில் சூட்டுக் கருவியை வைத்தால், தோல் வேகும்வரை உங்களுக்குத் தெரியாது, சர்க்கரைப் புண்ணாக மாறினால் காலுக்கே கேடு. பாதத்தில் அந்தக் கருவியை வைக்கவே விடாதீர்கள். உடலுக்குள் உலோகத் தகடோ இதயத் துடிப்புக் கருவியோ இருப்பவர்களும் கருத்தரித்திருப்பவர்களும் இதே எச்சரிக்கையைத் தங்களுக்கும் உரியதாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 41. செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. ஃபைப்ரோமயால்ஜியா என்று கண்டுபிடித்து, அரசு கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது மனநோய் மருந்து என்று நாத்தனார் சொன்னதால் நான்காம் நாளே விட்டுவிட்டேன். உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். நாள் முழுவதும் பம்ப்பைச் சுமந்து நடக்கிறேனே, அது போதாதா? கடையில் வாங்கும் பொன்ஸ்தான் மாத்திரையால்தான் வேலைக்குப் போகிறேன். மருந்தே இல்லாத ரேடியோ அலை நல்லது என்று நினைத்தேன்.
— வாசகி, சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்

பதில்: தங்கையே, நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு நாளொன்றுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும். உங்களுக்குக் கொடுத்தது 10. இவ்வளவு சிறிய அளவில் அது தண்டுவடத்தில் வலியைத் தணிக்கும் ஏற்பாட்டுக்குக் கைகொடுக்கிறது, உறக்கத்தையும் ஆழமாக்குகிறது. முதல் வாரத்தில் வாய் உலர்ந்து காலையில் மந்தமாக இருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டால், விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) எழுவது எளிதாகும். பலனை அறிய நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும், நான்கு நாள் போதாது. இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய் இவை இருந்தால் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இது ஒத்துவராவிட்டால் துலோக்செட்டின் என்ற மருந்து உண்டு. பிரிகாபலின் என்ற மற்றொரு மருந்தைப் பற்றி மருத்துவ உலகிலேயே கருத்து ஒன்றாக இல்லை. அமெரிக்கா 2007-இல் இந்நோய்க்கு அதை அனுமதித்தது, பிரிட்டனின் 2021 வழிகாட்டி வேண்டாம் என்கிறது. தலைச்சுற்றல் தரக்கூடிய மருந்து என்பதால், சரிவில் பம்ப்பைச் சுமந்து இறங்கும் ஒருவருக்கு நான் அதை முதலில் எழுத மாட்டேன்.

வேலை உடற்பயிற்சி ஆகாதா என்ற உங்கள் கேள்வி நியாயமானது, இதைக் கேட்காத தோட்டத் தொழிலாளியை நான் பார்த்ததில்லை. வேலையில் உடம்பு ஒரே தோரணையில், ஒரே தோளில் சுமையுடன், உங்கள் விருப்பத்துக்கு அன்றி வரிசையின் வேகத்துக்கு நகர்கிறது. நல்ல நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு மறுநாள் எழ முடியாமல் படுக்கிறோம். சிகிச்சைக்கான பயிற்சி இதற்கு நேர்மாறானது: வலி கூடாத அளவில் தொடங்கி, நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டாமல், கெட்ட நாளிலும் முற்றாக விடாமல், வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவது. வேலை இல்லாத மாலைகளில் சுமையின்றிப் பத்து நிமிடம் கைவீசித் தோட்டச் சாலையில் நடந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் அதே பத்து நிமிடந்தான். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் கூட்டலாம். முதல் சில வாரங்களில் வலி சற்று ஏறுவது இயல்பு. மேற்பார்வையாளரிடம் பேசி, சில நாட்களாவது சுமை இல்லாத வேலை கேட்க முடியுமானால், அதற்கு மருத்துவரின் கடிதம் உதவும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். கிளினிக் மருத்துவரிடம் கடிதம் கேட்டால் இயன்முறை மருத்துவருக்கோ வலிப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். சிலாங்கூரில் உள்ள செலாயாங் மருத்துவமனையின் வலிப் பிரிவு 2002 முதல் ‘மெனாங்’ என்ற இரண்டு வாரத் திட்டத்தை நடத்தியது. உடற்பயிற்சி, வேலையைப் பங்கிட்டுச் செய்வது, வலியைப் பற்றிய அச்சத்தைக் கையாள்வது ஆகியவற்றைக் கூட்டமாகக் கற்பித்த அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நின்றதாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் கருவி எதுவும் கிடையாது. இதுபோன்ற பயிற்சி இப்போது உங்கள் வட்டாரத்தில் எங்கே கிடைக்கிறது என்பதைக் கடிதம் எழுதும் மருத்துவரிடமே கேளுங்கள்.

பொன்ஸ்தான் என்பது மெஃபனமிக் அமிலம். அடிபட்ட வீக்கத்துக்கும் மாதவிடாய் வலிக்கும் அது நல்ல மருந்து, ஃபைப்ரோமயால்ஜியாவில் வீக்கம் இல்லாததால் அதற்கு வேலையும் இல்லை. வெறும் வயிற்றில், வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு நாள்தோறும் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது எத்தனை மாதமாக, நாளுக்கு எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மலம் கருத்துப் போனாலோ, கால் வீங்கினாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.